சமையல் முறைப் பட்டியலில் நான் எழுதாத பெயர்

“நீர் இரக்கப்பட்டனீரோ, பயந்தனீரோ? அதை மட்டும் எனக்குச் சொல்லும்.”

நான்கு வருடங்களுக்கு முன்பு எங்கள் முன்பள்ளியின் தலைமை ஆசிரியை கமலாவதி ரீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் விளையாடக் காகித மட்டையில் மீன் உருவம் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். வாலை வெட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். மீனை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டார்.

இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. காய்ந்த உடுப்புகளை மடிக்கும்போது, இரக்கம்தான் என்று தோன்றும். மடித்ததை அலுமாரியில் வைக்கப் போகும்போது, இல்லை, பயம் என்று தோன்றும். இரண்டும் கலந்ததுதான் என்று என் கணவர் சொல்கிறார். அது தப்பிக்கும் பதில் என்று எனக்குப் படுகிறது.

முப்பத்து நாலு வயதில் ஒருத்தி “நான் வேலை செய்த காலத்தில்” என்று எழுதத் தொடங்கினால் சிரிப்பு வரும், தெரியும். எனக்கு ஓய்வூதியமும் இல்லை, பிரியாவிடை வைபவமும் நடக்கவில்லை. வலிகாமத்தில் ஒரு தோட்டக் கிராமத்தில், பிரதேச சபை நடத்தும் முன்பள்ளியில் ஆறு வருடம் உதவி ஆசிரியையாக இருந்தேன். மகள் மிதுரா வயிற்றில் இருந்தபோது நின்றுவிட்டேன். திரும்பப் போகவில்லை. ஊரின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

எழுதச் சொன்னது தர்சினி. நான் விட்ட இடத்துக்கு வந்து, இப்போது அந்த முன்பள்ளியைப் பொறுப்பாக நடத்துகிற பிள்ளை. போன மாதம் மிதுராவைக் கூட்டிவரப் போனபோது வாசல் படலையில் மறித்தாள்.

“அக்கா, அடுத்த பள்ளிக்கூடத் தவணையிலை இருந்து முறை இல்லை.”

“என்ன முறை?”

“தாய்மார் நாள் மாறிச் சமைக்கிற முறை. காலைச் சாப்பாட்டுக்கு இனி ஒதுக்கீடு வருதாம். சாமானும் தருவினம், சமைக்கிற ஆளுக்குக் கொடுப்பனவும் தருவினம். ஊரிலை இருந்தே ஒராளை நாங்கள் சிபாரிசு செய்யலாம். நீங்கள் முந்தி உதுகளைப் பாத்தனீங்கள்தானே. ஆரைப் போடலாம் எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ. அதோடை, அந்தப் பட்டியல்கள் எழுதின காலத்தைப் பற்றி எங்கடை முன்பள்ளி ரீச்சர்மாரின்ரை சஞ்சிகைக்கு ஏதும் எழுதித் தாங்கோவன். உங்களுக்குத்தான் எழுத்து வரும்.”

அவள் சந்தோஷமாகச் சொன்னாள். நான் மிதுராவின் தண்ணீர்ப் போத்தலை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் பிறந்தது உடுப்பிட்டி. உயர்தரப் பரீட்சை எடுத்து, முன்பள்ளி ஆசிரியைகளுக்கான டிப்ளோமாவை ஒரு வருடம் படித்தேன். களிமண் உருட்டவும், கொப்பி கொப்பியாகக் குறிப்பு எழுதவும், பிள்ளை ஏன் கடிக்கிறது என்று விளக்கம் சொல்லவும் பழகினேன். இருபத்து நாலு வயதில் கலியாணம் செய்து இந்த ஊருக்கு வந்தேன். அடுத்த தவணையே வேலை கிடைத்தது. ஊரும் புதிது, வேலையும் புதிது. இரண்டிலும் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கு ஒரு நாளும் குறையவில்லை. கோயிலில் யாராவது “உடுப்பிட்டி மருமகள் நல்ல பிள்ளை” என்று சொன்னால் இரண்டு நாளுக்கு அது போதும். சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்று யோசிப்பேன்.

கமலாவதி ரீச்சரின் காலை நேரத்தைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. ஏழே முக்காலுக்குப் படலையடியில் ஒரு சின்ன வாங்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் அவருடைய கண்ணும் பிள்ளையின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். வருகிற பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். கொஞ்சுவதுபோல் இருக்கும். அந்த நேரத்துக்குள் நகம், தோலில் சிரங்கு, உள்ளங்கையில் காய்ச்சல் எல்லாம் பார்த்து முடிந்துவிடும். பிறகு ஒரு கேள்வி.

“வழியிலை என்ன கண்டனீங்கள்?”

சாப்பிட்டாயா என்று அவர் ஒரு பிள்ளையிடமும் கேட்டு நான் காணவில்லை. ஏன் என்று கேட்டேன். “அப்பிடிக் கேட்டால் தாயைக் காப்பாத்துறதுக்குப் பிள்ளை ஓம் எண்டு சொல்லும். வழியிலை என்ன கண்டனீ எண்டு கேட்டால், வயிறு நிறைஞ்ச பிள்ளை கதை சொல்லும். பசிச்ச பிள்ளை ‘ஒண்டுமில்லை’ எண்டு சொல்லும்” என்றார். ஒண்டுமில்லை என்று சொல்கிற பிள்ளையிடம் பெட்டியை நீட்டுவார். “இந்த விசுக்கோத்து நல்லா இருக்கோ எண்டு ஒருக்கால் ருசி பாத்துச் சொல்லுங்கோ. பெரிய ஆக்களுக்கு நாக்குச் சரியில்லை.” பிள்ளை பெரிய உத்தியோகத்தர்போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு விசுக்கோத்தைப் பரிசோதிக்கும்.

வரவுப் பதிவேட்டில் முதலில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒன்பது மணி தாண்டிய பிறகுதான் பேனை. வராத பிள்ளைக்கு உடனே பேனையால் கோடு போட்டால், அதோடு அந்தப் பிள்ளையைப் பற்றிய நினைப்பும் போய்விடும் என்பார். இரண்டு நாள் தொடர்ந்து கோடு விழுந்தால், மத்தியானம் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவார்.

எங்கள் முன்பள்ளியில் மாதக் கட்டணம் இல்லை. கட்டடம், தண்ணீர், எங்கள் சிறிய கொடுப்பனவு எல்லாம் பொதுப் பணம். அதனால்தான் தோட்டக் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். பட்டணத்து முன்பள்ளிகளுக்கு வாகனம் வைத்துப் போகிற வீடுகளில், பிள்ளைக்குப் படப்புத்தகம் இருக்கும், கேட்டதற்குப் பதில் சொல்ல யாராவது இருப்பார்கள். வெங்காயத் தோட்டத்து வரம்பில் குடைக்குக் கீழ் இருத்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கு எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இது நான் படித்து எழுதுவது அல்ல, கண்டது.

காலைச் சாப்பாடு மட்டும் பொதுப் பணத்துக்குள் வரவில்லை. அதைப் பெற்றோர் ஒழுங்குசெய்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு தாய் என்று முறை. முறைக்காரத் தாய் பயறோ கடலையோ கஞ்சிக்கு அரிசியும் இலையுமோ கொண்டுவந்து, பின்பக்கத்துச் சமையல் கொட்டிலில் எங்கள் பானையில் சமைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிமாறுவார். நல்ல ஏற்பாடு. எல்லோரும் பாராட்டிய ஏற்பாடு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு முதல் தவணையில் முறை இல்லை. பட்டியலை நான்தான் எழுதுவேன். “எனக்குக் கை நடுங்குது. உம்மடை எழுத்து வடிவு” என்று ரீச்சர் அதை என்னிடம் விட்டிருந்தார். பதிவேட்டு வரிசையில் ‘இன்ன பிள்ளையின் தாய்’ என்று மட்டையில் எழுதி, ஓரத்தில் பூ வரைந்து, கொட்டிலின் உட்சுவரில் ஒட்டுவேன்.

அந்த வருடம் தை மாதம் அபிநயா வந்தாள். வயது மூன்றரை. தாய் சறோ அக்கா வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் நாள் கூலிக்குப் போகிறவர். தகப்பன் மேசன் வேலையில் சாரத்தில் இருந்து விழுந்து, அதற்குப் பிறகு பாரம் தூக்க ஏலாதவர். அவர்கள் இருந்தது மதகுக்கு அங்காலை. எங்கள் ஊரில் சாதி என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. “அங்காலை” என்று சொன்னால் போதும்.

அபிநயா கதிரையில் இருக்கமாட்டாள். இருத்தினால் நழுவி நிலத்தில் குந்திக்கொள்வாள், வரம்பில் குந்துவதுபோல். பேச்சு இல்லை. மற்றப் பிள்ளைகள் பாடினால் அவள் வாசலைப் பார்ப்பாள். கொடுத்த கடலையில் பாதியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். “அப்பாவுக்கு” என்பது அவள் வாயில் இருந்து நான் கேட்ட முதல் சொல், அதுவும் இரண்டாம் மாதத்தில். நான் அவளுக்காக ஒரு சட்டியில் தண்ணீரும் மூன்று தேங்காய்ச் சிரட்டைகளும் வைத்தேன். ஒன்றில் இருந்து மற்றதுக்கு ஊற்றுவாள். மூன்று கிழமை ஊற்றினாள். பிறகு ஒரு நாள் பக்கத்துப் பிள்ளையிடம் ஒரு சிரட்டையை நீட்டினாள். அதைப் பார்த்துவிட்டு நான் ரீச்சரிடம் ஓடியது ஞாபகம் இருக்கிறது.

சித்திரை விடுமுறை முடிந்து வந்த கிழமை, படலையில் ரீச்சர் வழமைபோல் கேட்டார்.

“வழியிலை என்ன கண்டனீங்கள்?”

“ஓணான்” என்றாள் அபிநயா.

“ஓணான் என்ன செய்தது?”

“என்னைப் பாத்துத் தலையாட்டிச்சுது. நானும் ஓம் எண்டனான்.”

ரீச்சர் சிரிக்கவில்லை. “நல்லது. ஆராவது கேட்டால் மறுமொழி சொல்லத்தான் வேணும்” என்றார். பிள்ளை உள்ளே போனதும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து அபிநயாவுக்கு வழியெல்லாம் கதை. கதிரையிலும் இருந்தாள்.

அடுத்த மாதப் பட்டியலில் முதன்முதலாகச் சறோ அக்காவின் முறை வர வேண்டும்.

பட்டியல் எழுதவேண்டிய நாள் பின்னேரம் பால் வாங்கப் போனேன். நகுலா அக்கா நின்றார். பெற்றோர் குழுவின் செயலாளர். கெட்ட மனுசி என்று நினைக்காதீர்கள். கொட்டிலுக்குக் கிடுகு வேய ஆள் பிடித்துத் தந்ததும் அவர்தான்; எனக்கு வாந்தியும் மயக்கமுமாக இருந்த நாளில் ஓட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டதும் அவர்தான்.

“உடுப்பிட்டி ரீச்சர், வாற மாத முறை எழுதிட்டியளோ?”

“இல்லை அக்கா. இனித்தான்.”

“எல்லாரையும் போடுவியளோ?”

“ஓம். எல்லாரையும்தானே போடுறது.”

“போடுங்கோ, போடுங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை. எங்கடை மாமிதான் கேட்டவ, உங்கை ஆர் ஆர் சமைக்கினம் எண்டு. வயசு போன மனிசர், அவையளோடை நாங்கள் கதைச்சு வெல்லுறதே? நாளைக்கு நாலு பேர் பிள்ளையளை மறிச்சுப்போட்டால் உங்களுக்குத்தான் கரைச்சல். நீங்கள் படிச்ச பிள்ளை. உங்களுக்குத் தெரியாததே?” பிறகு என் சேலையைத் தொட்டுப் பார்த்தார். “இது உடுப்பிட்டியிலை வாங்கினதோ? அதுதான் பாத்தன், எங்கடை கடையளிலை உப்பிடி ஒரு நிறம் இல்லை. அவையளுக்கு நிறமும் தெரியாது, விலையும் தெரியாது.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பால் போத்தலோடு வீட்டுக்கு வந்து மட்டையை விரித்தேன்.

அப்போது என் மனதில் ஓடியதை உள்ளபடி எழுதப் பார்க்கிறேன். முறை என்றால் சறோ அக்காவுக்கு ஒரு நாள் கூலி போகும். பயறு வேறு வாங்க வேண்டும். அந்த வீட்டில் உழைப்பது அவர் ஒருவர்தான். முறை போட்டால் அது அவரைத் தண்டிப்பதுபோல. இதெல்லாம் உண்மை, ஒன்றும் நான் புனைந்தது இல்லை. ஆனால் இந்த உண்மைகள் அதற்கு முந்தின நாளும் இருந்தன. அப்போது அவை எனக்கு ஞாபகம் வரவில்லை. நகுலா அக்காவின் சிரிப்புக்குப் பிறகுதான் வரிசையாக வந்து நின்றன.

டிலானியின் தாய் புதன். அபிநயாவின் தாய் வியாழன் வர வேண்டும். வியாழக்கிழமைக்கு நேரே என் பெயரை எழுதினேன். ஓரத்தில் வழமைபோல் பூ வரைந்தேன். அந்த மாதம் பூ கொஞ்சம் கூட வரைந்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை ரீச்சருக்குக் கோப்பாய்ப் பக்கம் கூட்டம். நான் விடியவே வந்து இலைக்கஞ்சி வைத்துவிட்டேன். நகுலா அக்காவும் இன்னும் இரண்டு தாய்மாரும் கொட்டிலடியில் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஏழரைக்குச் சறோ அக்கா வந்தார். வழமையாகப் பிள்ளையைப் படலையில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுகிறவர், அன்று தோய்த்து மினுக்கிய சட்டை போட்டிருந்தார். ஒரு கையில் அபிநயா. மற்றக் கையில் மூடி போட்ட வாளி. கக்கத்துக்குள் ஒரு தேங்காய்.

கொட்டிலுக்குள் கஞ்சிப் பானையைக் கண்டு நின்றார். “நான் பிந்திட்டனோ ரீச்சர்? டிலானியின்ரை அம்மா தனக்கு நேற்று முறை எண்டவ. அப்ப இண்டைக்கு நான்தானே?”

நான் ஏதோ முணுமுணுத்தேன். அவர் சுவரடிக்குப் போனார். மட்டையில் விரலை வைத்து மேலே இருந்து கீழே வந்தார். திரும்பவும் மேலே இருந்து கீழே வந்தார். வியாழக்கிழமையில் விரல் நின்றது.

“அபிநயாவின்ரை பேர் எங்கை?”

“அக்கா, உங்களுக்கு வேலை கிடக்கும்தானே… ஒரு நாள் கூலி போயிடும் எண்டுதான் நான்… உங்களுக்காகத்தான் அக்கா, நானே பாத்துக்கொள்ளுவம் எண்டு…”

“நான் லீவு சொல்லிப்போட்டு வந்தனான்.”

நகுலா அக்கா குனிந்து தன் மகளின் சப்பாத்து நாடாவைக் கட்டினார். அது ஏற்கனவே கட்டியிருந்தது.

“எனக்கு ஏலாது எண்டு ஆர் சொன்னது ரீச்சர்? நான் உங்களிட்டைச் சொன்னனானே?”

“இல்லை அக்கா.”

“அங்காலை கோயில் அன்னதானம் வருசா வருசம் நான்தான் சமைக்கிறனான். முந்நூறு பேர் சாப்பிடுவினம்.” அவர் நகுலா அக்காவைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். “அவை கதைப்பினம் எண்டு தெரியும். அதுக்கு எனக்குக் கவலையில்லை. நீங்கள் எழுதினதெல்லோ உது. உங்கடை கையெழுத்தெல்லோ.”

வாளியைப் படியில் வைத்தார். “பயறு. நேற்றே ஊறப்போட்டிட்டன். ஊறினதை நான் என்ன செய்ய? வைச்சிருங்கோ.”

அபிநயா அதற்குள் உள்ளே போய்த் தன் கதிரையில் இருந்துவிட்டாள். தாய் போய்த் தூக்கினார். பிள்ளை கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டது. நான் அந்த விரல்களை விடுவித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பிள்ளை அழுதால் தாய்க்கு இன்னும் அவமானம் என்று நினைத்திருக்கலாம். நல்ல பிள்ளையாக உதவி செய்கிற பழக்கமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு விரலாக விடுவித்து, பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தேன்.

மத்தியானம் கமலாவதி ரீச்சர் வந்தபோது வாளி அதே படியில் இருந்தது. நான் சொன்னேன், அரைகுறையாக. அவர் அடுப்பை மூட்டி, பயறை அவித்து, தேங்காய் துருவிப் போட்டார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாருக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, ஒரு தட்டுப் பயறு சாப்பிட்டார். எனக்கும் ஒரு தட்டுத் தந்தார். நானும் சாப்பிட்டேன். நகுலா அக்காவின் மகள் ஓடிவந்து ரீச்சரின் தட்டில் கைவிட்டு அள்ளி வாயில் போட்டுவிட்டாள். “அம்மா, நல்ல ருசி” என்று வேறு சொன்னாள். நகுலா அக்கா “வா, வீட்டை போவம், வெயில் ஏறுது” என்று வானத்தைப் பார்த்தார்.

அடுத்த நாள் அந்த மட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, ரீச்சர் காகித மீன் வெட்டத் தொடங்கினார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

அவர் மதகைத் தாண்டி மூன்று தரம் போனார். மூன்று தரமும் சறோ அக்கா தேநீர் கொடுத்தாராம், கதைத்தாராம், பிள்ளையை அனுப்பவில்லை. “அந்த ரீச்சர்ப் பிள்ளை எழுதினதை அந்தப் பிள்ளைதான் வந்து கதைக்க வேணும்” என்றாராம். நான் ஒரு தரம் போனேன். மதகுவரைக்கும் போனேன். கடையடியில் நின்ற கணவரின் சித்தப்பா, “எங்கை பிள்ளை உங்காலை?” என்று கேட்டார். “சும்மா மாமா” என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அந்த மாதம்தான் மிதுரா வயிற்றில் என்று உறுதியானது. வாந்தி, மயக்கம் என்று காரணங்கள் சேர்ந்தன. தவணை முடிவில் வேலையை விட்டேன். பிள்ளைக்காக விட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

அபிநயா வேறு எந்த முன்பள்ளிக்கும் போகவில்லை. கட்டணம் கட்டி அனுப்ப அந்த வீட்டில் வழியில்லை. திரும்பக் குடைக்குக் கீழ் போனாள். பிறகு நேரே முதலாம் வகுப்பு. அங்கே படிப்பிக்கிற சிநேகிதி ஒருத்தி சொன்னாள், கதிரையில் இருக்கமாட்டாளாம், பென்சிலைக் கம்புபோல் பிடிப்பாளாம், கேட்டால் பதில் இல்லையாம். இப்போது மூன்றாம் வகுப்பு. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கான பின்னேர வகுப்பில் இருக்கிறாள். எங்களிடம் இன்னும் ஒன்றரை வருடம் இருந்திருந்தால் இது மாறியிருக்குமா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓணானுக்கு மறுமொழி சொன்ன பிள்ளை அவள். அதுவும் எனக்குத் தெரியும்.

போன கிழமை உரும்பிராய்ச் சந்தியில் அபிநயாவைக் கண்டேன். இடுப்பில் தங்கச்சி ஆதிரா. மிதுராவின் வயதுதான். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. நான் சிரித்தேன், அவள் யாரோ என்று பார்த்துவிட்டுத் தங்கச்சியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். ஆதிரா எந்த முன்பள்ளியிலும் இல்லை.

மிதுராவைப் பட்டணத்துக்கு அனுப்புவோம் என்று கணவர் கேட்டார். நான் பிடிவாதமாக அதே சபை முன்பள்ளியில் சேர்த்தேன். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. மகள் ஒரு புதுச்சொல் சொன்னால் மகிழ்கிறேன். வாகனத்தில் போகிற பிள்ளை இரண்டு சொன்னதாகக் கேட்டால் கலங்குகிறேன். என் குற்றத்துக்கு என் பிள்ளையைப் பிணை வைத்திருக்கிறேனோ என்றும் யோசிக்கிறேன். காலையில் தர்சினி படலையடியில் அதே சின்ன வாங்கில் இருந்து மிதுராவின் கைகளைப் பிடிக்கும்போது கொஞ்ச நேரம் மனம் அமைதியாகும்.

அந்த ஏற்பாட்டில் எது பிழை என்று இவ்வளவு நாள் யோசித்திருக்கிறேன். சபை கட்டடம் தந்தது, ஆசிரியை தந்தது. அவற்றுக்கு யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவை இருக்கவில்லை. தராமல் விட்ட ஒரேயொரு பானையை ஊர் எடுத்து நடத்தியது. ஊர் நடத்தும்போது ஊரின் மதகும் அதற்குள் வந்துவிட்டது. இனி அந்தப் பானையும் பொதுப் பணத்தில் வருகிறது. நல்ல செய்தி. ஆனால் பானையைக் கிண்ட ஒரு கை வேண்டுமே. அந்தக் கை யாருடையது என்று இன்னும் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

நகுலா அக்கா தன் சித்தியின் மகளின் பெயரைச் சொல்லிவிட்டாராம். நல்ல பிள்ளை; யாரும் மறுக்க மாட்டார்கள். எனக்கு வருகிற பெயர் ஒன்றுதான். முந்நூறு பேருக்குச் சமைக்கிறவர். தாய் வேலைக்கு வந்தால் ஆதிராவும் கூட வருவாள். சறோ அக்காவின் பெயரைத் தர்சினியிடம் சொன்னேன். “நான் போடுறன் அக்கா. நாலு பேர் பிள்ளையளை மறிச்சால் மறிக்கட்டும். ஆனால் அவ வருவாவோ? அதை நீங்கள்தான் கேட்க வேணும்” என்றாள்.

கமலாவதி ரீச்சர் இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறார். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லி, என்ன செய்ய என்று கேட்டேன். “நான் கேட்டதுக்கே நீர் இன்னும் மறுமொழி சொல்லேல்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மிதுராவுக்கு இருமல் எப்படி என்று விசாரித்தார்.

அடுத்த தவணை தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. இந்தத் தரம் மதகில் திரும்பமாட்டேன். அதைக் கணவரிடமும் சொல்லிவிட்டேன், அவருடைய தாயான மாமியிடமும் சொல்லிவிட்டேன். என் தடுமாற்றம் வேறு. வேலைச் செய்தியையும் கொண்டு போனால், வேலையைக் காட்டி மன்னிப்பு வாங்க வந்தவளாக நிற்பேன். அதை மறைத்து மன்னிப்பு மட்டும் கேட்டு, ஒரு கிழமை கழித்து வேலையைப் பற்றிச் சொன்னால், முதல் வந்தது இதற்குத்தானா என்று நினைப்பார். அவர் வந்து, சமைத்து, நாலு தாய்மார் தங்கள் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனால், அந்தப் படியில் இரண்டாம் தரமும் அவரை நிறுத்தியது நான்தான் என்று ஆகும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தால் ஆதிராவுக்கு நாலு வயதாகிவிடும்.

இதை வாசிக்கிற ஆசிரியைகள் எனக்கு எழுதுங்கள். ஆனால் எங்களைப் போன்றவர்கள் என்ன சொல்வோம் என்பது எனக்கு ஓரளவு தெரியும். எந்த ஊரிலாவது மதகுக்கு அங்காலை இருக்கிற ஒரு தாய், பட்டியலில் தன் பிள்ளையின் பெயரை விரல் வைத்துத் தேடிய தாய், இதை வாசித்தால் தயவுசெய்து நீங்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டுப் படலையைத் திறக்கிறீர்கள், வெளியே நான் நிற்கிறேன். நான் முதலில் எதைச் சொன்னால் உங்கள் சின்ன மகளை அனுப்புவீர்கள்?